சர்க்கரை இல்லாத ஊர்

உலக சுகாதாரம் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. கோக்கோ பாட்டம் என்கிற எங்கள் தீவுக் கிராமத்தில் படிப்பு என்றால் டாக்டர், நர்ஸ், வக்கீல், வாத்தியார். மிச்சமெல்லாம் பொழுதுபோக்கு. முதல் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்து இறங்கியபோது வேன் நிற்கும் இடத்திலேயே விசாரணை தொடங்கிவிட்டது. ஊசி போடுவாயா என்றார்கள். மாட்டேன் என்றேன். மருந்து எழுதிக் கொடுப்பாயா? மாட்டேன். பல்லாவது பிடுங்குவாயா? அதுவும் இல்லை. கடைசியில் என் அத்தை இஸ்மேதான் தீர்ப்புச் சொன்னாள்.

"ஒலகத்தையே பாத்துக்குவாளாம், நமக்கு ஒரு கட்டுப் போட மாட்டாளாம். வாடீ, மொதல்ல கை கழுவிட்டுச் சாப்பிடு."

அம்மா வேலை தேடிக் கனடாவுக்குப் போனதிலிருந்து என்னை வளர்த்தவள் இஸ்மே அத்தை. முச்சந்தியில் ஈரப்பலாக் காய் சுட்டு, வறுத்த மீனோடு விற்பாள். வாய் கொஞ்சம் நீளம். நான் கல்லூரி சேர்ந்த வருடம் அவள் காலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் அதே முச்சந்தியில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதே ஈரப்பலா.

அவளுக்குச் சர்க்கரை. எங்கள் தீவில் யாரும் நீரிழிவு என்று சொல்வதில்லை. சர்க்கரை என்பார்கள். ரத்தக் கொதிப்புக்குப் பிரஷர் என்பார்கள். பெண் பார்க்கும்போதே அவள் வீட்டில் சர்க்கரை, இவன் வீட்டில் பிரஷர், பொருத்தம் சரியாக இருக்கிறது என்று கேலி பேசுகிற ஊர் இது.

மூன்று வருடம் நாங்கள் படித்தது பெரும்பாலும் அம்புக்குறிப் படங்களைத்தான். ஏழ்மையிலிருந்து ஓர் அம்பு தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து ஓர் அம்பு வயிற்றுக்கு, அரசிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய அம்பு. மனிதன் படத்தின் மூலையில் ஒரு சின்ன வட்டமாக இருப்பான். எங்கள் தீவில் மலேரியா கிடையாது, ஆனால் மலேரியாவுக்கு மூன்று பாடங்கள் இருந்தன. சர்க்கரை நோய்க்கு ஒரே ஒரு விருப்பப் பாடம். போதிய பேர் சேரவில்லை என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நடத்தியவர் பேராசிரியர் ஆல்டன் விட்கோம்ப். இங்கிலாந்திலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் சிவந்துபோன மூக்கும் தோளில் தண்ணீர்க் குடுவையுமாக அலைவார், எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எங்கள் பெயர்களைத் தப்பாகவே உச்சரிப்பார். மூன்றாம் வருடக் கள ஆய்வுக்குக் கேள்விகள் தயாரித்துக்கொண்டிருந்தபோது, இந்த மக்கள் நீரிழிவைச் சர்க்கரை என்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மனிதர் பூரித்துப்போனார். மக்களிடம் மக்கள் மொழியில்தான் பேச வேண்டும் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசினார். பிறகு கேள்வித்தாளில் நீரிழிவு என்று இருந்த இடத்திலெல்லாம் தன் கையாலேயே சர்க்கரை என்று மாற்றினார். கடைசியில் கேள்வி இப்படி வந்து நின்றது: உங்கள் வீட்டில் சர்க்கரை இருக்கிறதா?

எனக்கு அப்போதே என்னவோ இடித்தது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்? தேர்ந்தெடுத்த ஊர்களில் கோக்கோ பாட்டமும் ஒன்று. அங்கே என்னை அனுப்ப மாட்டேன் என்றார் விட்கோம்ப். சொந்த ஊரில் ஆய்வு செய்தால் பார்வை கலங்கிவிடுமாம். அந்நியக் கண்தான் தெளிவான கண்ணாம். ஆகவே என்னைத் தீவின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். கோக்கோ பாட்டத்துக்குப் போனது என் வகுப்பு ஜெவோன் டசில்வா. தலைநகரில் பெரிய மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகன். நல்ல பையன்தான், விழா என்றால் மைக்கைப் பிடித்து ஊரையே ஆட வைப்பான். ஆனால் அவனுக்குக் கிராமம் என்றால் கடற்கரைக்குப் போகிற வழியில் வருவது.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எரிமலை வெடித்து எங்கள் ஊர் மேல் சாம்பல் விழுந்த வருடம், நிவாரணக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அரிசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களுக்கு மறுநாளே பெரிய பை வந்தது. தேவாலயத்து லூத்தர் மட்டும் கடவுளுக்குப் பயந்து, எல்லாம் கொஞ்சம் இருக்கிறது என்றார். அவருக்கு ஒரு வாழ்த்து வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் பால்குடி மறந்த குழந்தைக்கும் ஒன்று தெரியும்: கழுத்தில் அட்டையோடு வருகிறவனிடம், எது இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெவோன் கழுத்தில் அட்டையும் கையில் டேப்லெட்டுமாகப் போனான். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டான். முதல் வீட்டில் இல்லை. இரண்டாம் வீட்டிலும் இல்லை. அவன் மூன்றாம் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி அவனை முந்திக்கொண்டு போய்விட்டது. லூத்தர் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. வாசலுக்கு வந்து, பைபிள் மேல் கை வைக்காத குறையாக, ஒரு துளி கூட இல்லை என்றார்.

என் அத்தை வீட்டிலும் அவன் உட்கார்ந்திருக்கிறான். அத்தை அவனுக்குப் புளிச்சம்பூச் சாறு கொடுத்திருக்கிறாள், எங்கள் வழக்கப்படி கரண்டி நட்டால் நிற்கிற இனிப்போடு. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, ஒற்றைக் காலோடு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மறைக்கவே இல்லை, பூசணிக்காய் பக்கத்திலேயே இருந்தது. கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

முடிவு வந்தது. கோக்கோ பாட்டத்தில் சர்க்கரை நோய்: பூஜ்யம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? விட்கோம்புக்கு மதி நிறையவே இருந்தது, அதனால்தான் வினை. சுற்றிலும் வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்க, நடுவில் ஓர் ஊர் மட்டும் எப்படித் தப்பித்தது என்று அவருக்குத் தூக்கமே வரவில்லை. கட்டுரை எழுதினார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஊரைக் கேட்டார்கள். ஈரப்பலா, மீன், கடற்காற்று என்று லூத்தர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ரம்மைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கட்டுரையைச் சுகாதார அலுவலகத்திலும் யாரோ படித்துவிட்டார்கள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஹூப்பர் எங்கள் ஊர் மருந்தகத்துக்கு வருவார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், அத்தைக்கு இன்சுலினும் கொடுப்பார். நோயே இல்லாத ஊருக்கு நர்ஸ் எதற்கு என்று அந்தச் செவ்வாய்க்கிழமையை அடுத்த பள்ளத்தாக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக இரண்டு வேன் மாற வேண்டும். ஊன்றுகோலைப் பார்த்தாலே வேன்காரர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள். அவள் ஏறி இறங்குவதற்குள் வேனில் ஓடுகிற ஒரு பாட்டே முடிந்துவிடுகிறதாம். அத்தை ஒரு தடவை போய்ப் பார்த்தாள். நடுவழியில் மழை பிடித்து, இரண்டாவது வேன் வராமல், திரும்பி வந்துவிட்டாள். அதன்பிறகு இருக்கிற மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். இன்சுலின் தீர்ந்துபோனதை எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது குளிர்பெட்டியில் அது இருந்த இடத்தில் மிளகாய்ச் சாறு பாட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நடந்த குளறுபடியை அத்தைக்கு விளக்கினேன். அவன் கேட்டது டப்பாவில் இருக்கிற சர்க்கரையை இல்லை, உன் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கால் எங்க போச்சுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. கையில டேப்லெட் வச்சிருந்தான்டீ. எனக்குத் தரத்தான் கொண்டு வந்திருக்கான்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி இருக்கிற காலின் பெருவிரல் கறுத்திருந்தது.

திங்கட்கிழமை விட்கோம்பின் அறைக்குப் போனேன். ஊர் பதில் சொன்னது டப்பாவில் இருக்கிற சர்க்கரைக்கு, ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று எனக்குத் தெரியும், என் அத்தைக்குக் காலே போயிருக்கிறது என்றேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் அத்தையின் கால் ஒரு தனிநபர் அனுபவம் என்றார். ஒரு காலை வைத்து ஓர் ஊரை அளக்கக் கூடாது, முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தேனே என்றார். மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். கேட்கலாம், ஆனால் அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும், குழு மழைக்காலம் முடிந்துதான் கூடும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எங்கள் எல்லோருடைய இறுதி ஆய்வேடும் இந்தத் தரவின் மேல்தான் நிற்கிறது, என்னுடையதும் சேர்த்து என்பதை நினைவூட்டினார். மிரட்டல் இல்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்குள் ஊருக்கு விழா வந்துவிட்டது. சர்க்கரை இல்லாத ஊர் என்று கல்வெட்டு ஒன்று தயாராகிப் பள்ளிக்கூட வாசலில் பதிக்கப்போகிறார்கள். சுகாதார அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வருகிறார். ஜெவோன் மைக் பிடிக்கிறான். இந்த ஊர்ப் பெண் என்பதால் நன்றியுரை எனக்கு. ஆய்வு செய்யக் கலங்கும் கண், நன்றி சொல்ல மட்டும் கலங்காது போலிருக்கிறது. என் உரையை விட்கோம்ப் முன்கூட்டியே வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் "மகிழ்ச்சி" சேர்த்துக் கொடுத்தார்.

நான் நர்ஸ் ஹூப்பரைப் போய்ப் பார்த்தேன். குண்டான, அவசரப்படாத மனுஷி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, விழாவுக்கு அவரையும் அழைத்திருக்கிறார்கள், கருவி எப்போதும் பையில்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

விழா அன்று ஊரே திரண்டு வந்தது. விட்கோம்புக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோர் கையிலும் காலிப் பை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சர்க்கரை இல்லை என்று கல்லிலேயே எழுதிவிட்டார்கள் என்றால் நிவாரண லாரி கட்டாயம் வரும் என்று ஊர் நம்பியது. லூத்தர் இரண்டு பை கொண்டுவந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மளிகைப் பை, ஜெவோனின் அப்பா கடையிலிருந்து அன்பளிப்பாக வந்தது, சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தார்கள். குலுக்கலில் ஒருவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

கல்வெட்டைத் திறந்தார்கள். கைதட்டினார்கள். விருந்தினருக்குத் தேங்காய்ச் சர்க்கரைக் கட்டியும் புளிச்சம்பூச் சாறும் வந்தன. விட்கோம்ப் அம்புக்குறிகளைப் பற்றி நீளமாகப் பேசினார். ஜனங்கள் சாலையில் லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. தாளைப் பிரித்தேன். மூன்று வருடப் படிப்பு, அம்மா கனடாவில் யாருடைய வீட்டையோ துடைத்துக் கட்டிய படிப்பு. கூட்டத்தில் அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து, தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்காமல் குடித்துக்கொண்டே இருந்தாள். தாளை மடித்துவிட்டேன்.

"இந்தப் பை குலுக்கல்ல போகாது," என்றேன். "நர்ஸம்மா வந்திருக்காங்க. விரல்ல ஒரு குத்து. யாருக்குச் சக்கரை ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் பை."

நாற்காலிகள் சாய்ந்தன. நர்ஸ் ஹூப்பர் மேடைக்குக் கீழே மேசையைப் போட்டு உட்கார்வதற்குள் வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிட்டது. விட்கோம்ப் எழுந்து என்னவோ சொன்னார், ஒப்புதல் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ஜெவோனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கையில் மைக், எதிரே வரிசை. பழக்கதோஷம், எண்களைக் கூவ ஆரம்பித்துவிட்டான்.

முதலில் நூற்றுச் சொச்சம், ஊர் சீழ்க்கையடித்தது. அடுத்து இருநூறைத் தாண்டியது. மீன்காரர் முந்நூறைத் தொட்டதும் அவர் வீட்டார் துள்ளிக் குதித்தார்கள். லூத்தர் முந்நூற்றுப் பத்து வாங்கி, இந்தத் தடவை கடவுள் கைவிடவில்லை என்று இரண்டு பையையும் உயர்த்திக் காட்டினார். எண் ஏற ஏற ஜெவோனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. வகுப்பில் படித்த ஒன்று அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இயக்குநர் அம்மா கையிலிருந்த சர்க்கரைக் கட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

அத்தை ஊன்றுகோலோடு வந்து விரலை நீட்டினாள். கருவியில் எண் வரவில்லை. எண் இல்லை என்றதும் ஜெவோனுக்கு உயிர் வந்தது, குனிந்து பார்த்தான்.

"எச், ஐ. ஹாய்னு வருது," என்றான். "மிஷின் அத்தைக்கு வணக்கம் சொல்லுது."

கூட்டம் சிரித்தது. அத்தையும் சிரித்தாள். நர்ஸ் ஹூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அது வணக்கம் இல்ல தம்பி. எண்ணுக்குள்ள அடங்கலன்னு அர்த்தம். இவங்க இப்ப நின்னுக்கிட்டு இருக்கறதே பெருசு."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் பரிசு என்று சொன்னது எனக்கே நாராசமாக இருந்தது. நர்ஸ் அத்தையைத் தாங்கிப் பிடித்து வகுப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சர்க்கரை இல்லாத ஊர் என்று பொறித்திருந்த கல்வெட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். இயக்குநர் அம்மா வண்டியில் ஏறுவதற்கு முன்பே முதல் செவ்வாய்க்கிழமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் ஆய்வேட்டுக்கு விட்கோம்ப் தேர்ச்சி போட்டார், கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தேர்ச்சி. ஒப்புதல் பெறாத பரிசோதனை என்று கீழே எழுதியிருந்தார். பரிசுக்கு ஆசைப்பட்டு மக்கள் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். சில மாதத்திலேயே பூஜ்யத்திலிருந்து இந்த அளவுக்கு உயர்ந்த ஊர் உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று அவருடைய அடுத்த கட்டுரை இப்போது அச்சில் இருக்கிறது. கல்வெட்டை லூத்தர் கழற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் படியாகப் போட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வகுப்பறைக்குள் போனபோது, அத்தை இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தாள். ஊசி போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரி வண்டி வந்துகொண்டிருந்தது. மீதிக் காலையாவது காப்பாற்றிவிடலாமா என்று நர்ஸைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை பார்த்துவிடக் கூடாது என்று சுவரில் இருந்த பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் எங்கள் தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள்.

ஜெவோன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். சிவப்பு நாடா கட்டிய பையை அத்தையின் பக்கத்தில் வைத்தான். அத்தை படுத்தபடியே நாடாவை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அரிசி. மாவு. எண்ணெய். அடியில், பெரிய பொட்டலமாக, சர்க்கரை. அதை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த டேப்லெட்ட எடு. இப்ப எழுதிக்கோ. எங்க வீட்டுல சக்கரை இருக்கு."